அரங்கிற் கொலையும் மெய்ப்பாடும்

கூடலூர்க்கு மேலுள்ள மலையில் மங்கலதேவி கண்ணகி கோயில் அமைந்துள்ளது. கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் சித்திரை முழுமதி நாளில் மலையேறி ஆண்டு வழிபடுகின்றனர். அவர் வணங்கும் தெய்வத்தின் கதை ஒரு கொலையை நடுவாகக் கொண்டது. அக்கதையையே சங்கரதாச சுவாமிகள் (1867–1922) 'கோவலன்' என்னும் இசைநாடகமாக அமைத்தார். அரங்கில் கொலையை எவ்வளவு காட்டலாம், எந்நோக்கத்தோடு காட்டலாம் என்பதனை இக்கதை கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினையே அச்சத்தின் நிலைக்களனாகக் கூறினார். கொலை அவற்றுள் இல்லை. உறுப்பறை, குடிகோள், அலை என்பவற்றொடு சேர்த்து அதனை வெகுளிக்கு உரியதாக்கினார். இவ்வைப்புமுறை கருதத்தக்கது. கொலையைக் காண்போன் நடுங்கினால் மட்டும் போதாது. 'இது தகுமோ' எனச் சினத்தலும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் என யாம் கருதுகின்றோம்.

இளங்கோவடிகள் இந்நெறியே நிற்கின்றார். கோவலன் கள்வன் அல்லன் என ஐயுற்ற காவலரைப் பொற்கொல்லன் சொல்லால் மயக்கும் பகுதி கொலைக்களக் காதையில் விரிவாக உள்ளது. வாளின் செயலோ சில அடிகளில் முடிகின்றது. அதன் பின்னர்க் கண்ணகியின் துயரும் வழக்கும் காதைதோறும் வளர்கின்றன.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்று சுவாமிகள் வாழ்விலேயே கூறப்படுகின்றது. சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாகத் தோன்றியபோது சூலுற்ற பெண்ணொருத்தி அஞ்சிக் கருச்சிதைவுற்றாள் என்பர். பின்னர் அத்தகைய வேடங்களை அவர் விடுத்தார் என்றும் கூறுவர். அங்கே நடிப்புத் திறம் குறைபடவில்லை. காண்போர்க்கு அச்சமன்றி வேறொன்றும் எஞ்சவில்லை என்பதே குறை.

எனின், வெகுளியை எழுப்பிவிட்டால் அரங்கின் கடமை முடிந்ததோ எனின், அன்று. வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டமையை உரைபெறு கட்டுரை கூறுகின்றது. ஒருவன் பிழை ஒரு குலத்தின் தலைமேல் ஏறிற்று. கண்ணகியோ மதுரையை எரித்தபோதும் அறவோரையும் முதியோரையும் குழவிகளையும் விலக்கித் தீயோரையே சேருமாறு தீக்கடவுளை ஏவினாள். இந்நாடகம் ஊர்த்திடலில் நிகழுங்கால் பொற்பணி செய்வோரும் அவையில் அமர்ந்திருப்பர் என்பதனை மறத்தல் ஆகாது. குருதியைக் குறைத்துவிட்டுக் குலத்தைப் பழிக்கும் உரையாடலை விட்டுவைக்கும் அரங்கு வன்செயலை நீக்கியதாகாது.

ஆகவே, கொலையை அரங்கினின்று விலக்க வேண்டுவதில்லை. எனினும் அதனால் எழும் வெகுளி குற்றத்தின்மேற் செல்லுமாறு காட்டுதல் நாடக ஆசிரியர்க்கும் நடிகர்க்கும் ஒப்ப உரிய கடன் என்பது எம் துணிபு.