அருளும் அதன் செவிலியும்

திருக்குறளில் அன்புடைமை 8-ஆம் அதிகாரமாக இல்லறவியலிலும், அருளுடைமை 25-ஆம் அதிகாரமாகத் துறவறவியலிலும் அமைந்துள்ளன. தொடர்புடையார்மீது செல்வது அன்பு. தொடர்பு கருதாது எல்லா உயிர்மீதும் செல்வது அருள் என்று பரிமேலழகர் பிரித்தார். பிரிவு தெளிவானது, வகுப்பில் சொல்லவும் எளிது. ஆயின் அதைப் பிடித்துக்கொண்டு, அன்பு இல்லறத்தானுக்கு, அருள் துறவிக்கு என்று வேலி கட்டுவோர் 757-ஆம் குறளை மறந்துவிடுகின்றனர்.

அக்குறள் நிற்கும் இடமே வியப்புக்குரியது. அது பொருட்பாலில், பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்தில் இருக்கிறது. அருளை அன்பு ஈன்ற பிள்ளையாகவும், பொருளை அப்பிள்ளையை வளர்க்கும் செவிலியாகவும் அது காட்டுகிறது. அன்பு முதிர்ந்த இடத்தில் அருள் தோன்றும் என்று அங்கே உரை எழுதியவரும் அதே பரிமேலழகர்தாம்! பொருளைத் துறந்தவனுக்கு இச்செவிலி ஏது? ஈட்டுகின்றவன் வீட்டில்தான் அவளுக்கு வேலை.

செருமானிய மெய்யியலார் காண்ட், 1785-இல் வெளியிட்ட அறநூலில், இரக்க இயல்பு ஒன்றினாலேயே செய்யும் உதவிக்கு உண்மையான அறமதிப்பு இல்லை என்றார். கடமையெனக் கருதிச் செய்வதற்கே அம்மதிப்பு என்பது அவர் முடிவு. மாறும் உணர்ச்சியை நம்பி அறத்தை நிறுத்தலாமா என்ற அச்சம் வீணானதன்று. சுற்றத்தாருக்கு வாரி வழங்கிவிட்டு அயலான் பசியைக் காணாதவர் எங்கும் உளர். அதற்காக வள்ளுவர் உணர்ச்சியை விலக்கவில்லை. வளர்க்க வேண்டிய குழவியாகவே அதைக் கண்டார்.

அருளில்லார்க்கு அவ்வுலகமும் பொருளில்லார்க்கு இவ்வுலகமும் இல்லை என்னும் 247-ஆம் குறளையும் இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும். இவ்வுலகப் பொருள்தான் அவ்வுலகத்துக்குரிய அருளுக்குப் பாலூட்டுகிறது.