பருவமும் தாயர் கண்ணும்

பெண்ணின் பருவங்களை ஏழாகப் பகுத்த மொழி நம்முடையது. பாட்டியல் வழிவந்த வழக்கொன்று பேதைக்கு 5 முதல் 7, பெதும்பைக்கு 8 முதல் 11, மங்கைக்கு 12, 13 என ஆண்டுக் கணக்கும் தந்துவிடுகிறது. பணிப்பதிவேட்டில் பிறந்த நாளைக் குறித்துப் பழகிய என் போன்றோர்க்கு உவப்பான கணக்கு! 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலாவில் இவ்வெழுவரும் வரிசையாக வருகின்றனர். பேதையைக் காதல் அறியாதவளாகவே காட்டிய அளவில் கூத்தர் நுட்பமுடையவரே. ஆயினும் ஒவ்வொருத்தியும் தன் படியிலேயே நின்றுவிடுகிறாள். ஒரு படியினின்று மறுபடிக்கு எடுத்துவைக்கும் காலடியை அங்கே காண்பதற்கில்லை.

அக்காலடியைக் கண்டவர்கள் சங்கப் புலவர்கள். அப்பாடல்களை உடன்போக்கு என்னும் ஒரே பெட்டியில் அடைத்து, பாலையின் வெம்மையை மட்டும் வியந்து முடிப்பது நம் மேடைகளின் குறை என்பேன்.

அகநானூற்றின் 7-ஆம் பாடலை நோக்குவோம். பாடியவர் கயமனார். மகளைத் தேடிச் சுரத்திடை வந்த செவிலி, தான் முன்பு அவளுக்குச் சொன்னதை நினைக்கிறாள். மார்பின் வளர்ச்சி, ஒளிரும் கூரிய பற்கள், முடிக்கத்தக்க கூந்தல், தழையாடை என்று உடலின் அடையாளங்களை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறாள். எண்ணிய கையோடு, தோழியரோடு திரியாதே, ஊரில் அணங்கு உண்டு, வாயிலுக்கும் போகாதே என்று தடை விதித்திருக்கிறாள். நீ பேதையல்லள், பெதும்பை என்கிறாள்; அறிவுடையவள் என்றும் சிறுமகள் என்றும் ஒரே மூச்சில் விளிக்கிறாள். இம்முரண்பாடு புலவர் அறியாமல் நேர்ந்ததன்று. வளர்ந்த உடலைக் கண்ட கண், உள்ளே வளர்ந்த மனத்தைக் காணவில்லை. இப்போது அவள் எதிரில் நிற்பது ஒரு பெண்மான். அதனிடந்தான் இவை எல்லாம் சொல்லப்படுகின்றன.

நற்றிணையின் 179-ஆம் பாடல் இன்னும் ஆழமானது. வீட்டில் வளர்த்த வயலைக் கொடியைக் கன்று ஈன்ற பசு தின்றுவிட்டது. அதற்காகப் பந்தை எறிந்து, பாவையை விலக்கி, வயிற்றில் அடித்துக்கொண்டு, தாயர் ஊட்டிய தேன் கலந்த பாலையும் மறுத்து விம்மினாள் அச்சிறுமி. அது நேற்று. இன்றோ ஓர் இளைஞனின் பொய்யுரையை நம்பி அருஞ்சுரம் கடந்துவிட்டாள்.

ஒரு கொடிக்காக இத்தனை அழுகையா? இதனைக் குழந்தைத்தனம் என்றே தாய் எண்ணியிருக்க வேண்டும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அமெரிக்க உளவியலார் ஸ்டான்லி ஹால் 1904-இல் குமரப் பருவத்தைப் பற்றி இரு பெருந்தொகுதிகள் எழுதிப் புயல் என்று வருணித்த அக்கொந்தளிப்பு, இங்கே கொடியைச் சாக்காகக் கொண்டு வெளிப்பட்டது எனலாம். மகள் புன்முறுவலோடு சென்றாளாம். அம்முறுவலைத் தாய் கண்டதில்லை. பிறர் சொல்லக் கேட்டதே.

ஆண்மகனுக்கு இத்தடுமாற்றம் வழங்கப்படவில்லை. புறநானூற்றின் 77-ஆம் பாடலில் இடைக்குன்றூர் கிழார் காட்டும் இளைய நெடுஞ்செழியன் கிண்கிணி களைந்து கழல் அணிந்தவன். சிறுவர்க்குரிய தாலியைக் கூட இன்னும் களையவில்லை. பாலை விட்டுச் சோறு உண்டதும் அன்றுதான். ஆயினும் பகைவரைக் கண்டு வியக்கவும் இல்லை, இகழவும் இல்லை. ஒரே நாளில் முதிர்ந்த மனம்! அப்பாடலில் தாய் இல்லை.