பெயர் ஒத்தால் ஆளும் ஒன்றா?
(கந்தீசங்கள் பற்றி ஒரு திறனாய்வு)

ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்களை வல்லார்பாடத்துக்கு அழைத்துப் போவது நம் மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களில் வழக்கம். 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் வரும்வரை படகு, அதன்பின் வண்டி. வந்தவர்கள் தவறாமல் கேட்பது, "இது வேளாங்கண்ணி மாதாவா, இல்லை வேறயா?" என்பதுதான். மாதா ஒருவரே, பெயர்கள்தாம் பல. வல்லார்பாடத்தில் அவர் அடிமைப்பட்டோரை மீட்கும் அன்னை. செப்டம்பர் 24 திருநாள். ஒருவருக்குப் பல பெயர் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பலருக்கு ஒரே மாதிரிப் பெயர் அமைந்தால்தான் சிக்கல்.

பல வருஷங்களுக்கு முன் என் கடைப் பேரேட்டில் ஒரே பெயருடைய இரண்டு பொள்ளாச்சி வாடிக்கையாளர்களை ஒரே பக்கத்தில் எழுதிவிட்டேன். ஒருவர் கட்டிய பணம் மற்றவர் பாக்கியில் கழிந்தது. கட்டியவரிடமே போய் மறுபடி கேட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது இன்றும் மறக்கவில்லை. இதே மாதிரி ஒரு கணக்குப் பிழை கேரளக் கிறிஸ்தவப் புனிதர்கள் விஷயத்திலும் நடந்திருக்கிறது. நான் சமணன். பிறர் சமயத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. பெயர்க் கணக்கை மட்டும் சரிபார்க்கிறேன்.

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பாரசீகத் திருச்சபையிலிருந்து கொல்லத்துக்கு இரண்டு குருமார் கப்பலேறி வந்தார்கள் என்பது சுரியானிக் கிறிஸ்தவர்களின் மரபு. மார் சாபோர், மார் புரோத் என்பவர்கள் அவர்கள். புரோத்தை அஃப்ரோத் என்றும் சொல்வதுண்டு. 'மார்' என்றால் 'என் தலைவர்'. 'கதீசா' என்ற சுரியானிச் சொல்லுக்குப் 'புனிதர்' என்று பொருள். அதிலிருந்து வந்ததுதான் இவ்விருவரையும் சேர்த்துச் சொல்லும் 'கந்தீசங்கள்' என்ற பெயர்.

1599 ஜூன் மாதம், எர்ணாகுளத்துக்குத் தெற்கே உதயம்பேரூரில், கோவா பேராயர் அலெய்சோ டி மெனசிஸ் ஒரு சங்கம் கூட்டினார். அதன் தீர்மானங்களில் ஒன்று இவர்களைப் பற்றியது. இவர்களைக் குறித்து எழுத்தில் ஒன்றுமில்லை, பாபிலோனிலிருந்து வந்தவர்களாதலால் தவறான கொள்கை உடையவர்களாக இருக்கலாம், ஆகவே இவர்கள் பெயரிலுள்ள கோயில்களைச் சகல புனிதர்கள் பெயருக்கு மாற்றி, நேர்ச்சைகளை நவம்பர் 1-ஆம் தேதிக்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆனால் மக்களுக்குத் தேவைப்பட்டது இரண்டு பேர். இத்தாலியின் மிலான் நகரில் 386-ல் புனித அம்புரோஸ் கண்டெடுத்த எலும்புகளுக்குரிய இரட்டையர்கள் கெர்வாசிஸ், புரோத்தாசிஸ். புரோத் எங்கே, புரோத்தாசிஸ் எங்கே! காதுக்கு மட்டும் இரண்டும் ஒன்று. கோட்டயம் ஜில்லா கோதநல்லூரில் பழைய கந்தீசங்களின் இடத்தில் இந்த மிலான் சகோதரர்கள் அமர்ந்தது இப்படித்தான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் திருநாளான ஜூன் 19-ஐ ஒட்டி அங்கே இரட்டைப் பிள்ளைகள் கூடுவது பார்க்க அழகுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாரசீகத்திலிருந்து கடல் தாண்டி வந்த இருவரின் பக்கம் அந்தப் பேரேட்டில் கிழிந்துபோயிற்று.

உதயம்பேரூர்த் தீர்மானத்தை இரண்டு இடங்களில் குறை சொல்லலாம். எழுத்தில் ஒன்றுமில்லை என்றது முதல் குறை. மெனசிஸின் பயணத்தை விவரித்து 1606-ல் கோவேயா அச்சிட்ட நூலே, தேவலக்கரையில் கொல்லம் கோயிலின் செப்பேடுகள் அவருக்குக் காட்டப்பட்டதைச் சொல்கிறது. சந்தேகத்தையே தீர்ப்பாக்கியது இரண்டாவது குறை. கீழைத் திருச்சபையின் கொள்கை ரோமைக்கு உடன்பாடில்லாததுதான். அதற்காக வந்த ஊரை வைத்து ஆளை எடை போடுவது நியாயமா? வெளியூரில் பிழைக்கும் நமக்கு இதன் வலி தெரியும்.

எதிர்த்தரப்பிலும் ஒரு பிழை உண்டு. தரிசாப்பள்ளிச் செப்பேடு 849-ல், சேர மன்னன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டு ஐயனடிகள் கொடுத்தது. வட்டெழுத்தில் இருக்கும் அதை வாசித்துக் காட்டினால் நம்மவர்கள் தமிழ் என்றே சொல்வார்கள். கோயிலைக் கட்டியவர் மறுவான் சபீர் ஈசோ என்கிறது ஏடு. நகரத்தின் நிறுவை, அளவைகளைக் காக்கும் பொறுப்பும் அதில் வருகிறது. எனக்கு அந்த மனிதர் வியாபாரியாகவே தெரிகிறார், ஆராய்ச்சியாளர் பலரும் அப்படித்தான் கொள்கிறார்கள். சபீர்தான் சாபோர் என்று உறுதியாக எழுதிவிடுகிறவர்கள் செய்வதும் காதை நம்பிய கணக்குத்தான். புரோத்தின் பெயரோ ஏட்டில் இல்லவே இல்லை.

கிரேக்கத் திருச்சபை வேறு வழியில் போயிற்று. கோஸ்மாஸ், தமியான் என்ற மருத்துவச் சகோதரர்களுக்கு ஊர் வேறு, நாள் வேறு என்று கண்டதால் ரோம், ஆசியா, அரேபியா என மூன்று ஜோடிகளாக வைத்து, ஜூலை 1, நவம்பர் 1, அக்டோபர் 17 என்று மூன்று திருநாளும் கொடுத்தார்கள். அது ஒரே ஜோடியாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் யாரும் தொலையவில்லை. எங்கள் மரபிலும் பத்திரபாகு என்ற பெயரில் முந்தியவர், பிந்தியவர் என இருவர் உண்டு. சங்க கால ஔவையும் ஆத்திசூடி ஔவையும் வேறு என்று தமிழறிஞர்கள் பிரித்துக் காட்டவில்லையா?

ஆகவே பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஊர், காலம், கூட இருந்தவர், திருநாள், இந்த நான்கும் ஒத்தால்தான் ஆள் ஒன்று. ஒன்று இடறினாலும் தனிப் பக்கம் போட்டுவிட வேண்டும். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம், கிழித்த பக்கத்தை ஒட்ட முடியாது.

அடுத்த முறை நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு யாரையாவது ஏற்றிவிடப் போனால், பக்கத்திலிருக்கும் அகப்பறம்புக்கு ஒரு நடை போய் வாருங்கள். அங்கேயுள்ள பழைய சுரியானிக் கோயில் இன்றும் மார் சாபோர், அஃப்ரோத் பெயரில்தான் நிற்கிறது.