திரும்பி வரும் கலங்கள்

விண்வெளிப் போரில் சண்டை விமானத்துக்கு வேலையே இல்லை, ஏவுகணை போதும் என்பது மேசைப்போர் ஆட்டக்காரர்களிடையே இப்போதைய ஞானம். காற்றே இல்லாத இடத்தில் இறக்கை எதற்கு, உள்ளே ஆள் எதற்கு, போனது ஏன் திரும்ப வேண்டும் என்கிறார்கள். முதல் இரண்டு கேள்விகள் நியாயமானவை. மூன்றாவதில் சறுக்குகிறார்கள்.

கயத்தாற்றுத் திண்ணையில் நான் கற்ற முதல் போர் ஆடுபுலி. கரிக்கோட்டில் 23 புள்ளிகள், 3 புலிகள், ஆடுகளுக்கு 15 புளியங்கொட்டைகள். பதினைந்தும் இறங்கும்வரை இறங்கிய ஆடு நகரக் கூடாது. விண்கப்பல் ஆட்டத்தையே நம் முன்னோர் கண்டுவிட்டார்கள் என்று இதை வைத்து மார்தட்ட மாட்டேன். ஆனால் ஒன்று, கையிலிருந்து இறங்கிய ஆடு கைக்குத் திரும்பாது. அது ஏவுகணை.

1898-ல் ஃப்ரெட் ஜேன் வெளியிட்ட கடற்போர் ஆட்டத்தில் பீரங்கிக் கப்பல்களே ராஜா. அப்போது விமானமே பிறக்கவில்லை. 1979-ல் வந்த விண்வெளி ஆட்டமான ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ் பிற்சேர்க்கைகளில் சண்டைச் சிறுகலங்களையும் தாய்க்கப்பல்களையும் கொண்டுவந்தது. ஒவ்வொரு கலத்துக்கும் தனிக் கணக்கு. ஆட்டம் கணக்குப்பிள்ளை வேலையாயிற்று.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜான் டஃப்லியின் ஃபுல் த்ரஸ்ட் வந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. ஆறு கலங்கள் ஒரு குழு, ஒரே காய். சண்டையிட அவற்றுக்கு அளவான தெம்பு. தீர்ந்தால் தாய்க்கப்பலுக்குத் திரும்பி நிரப்பிக்கொள்ள வேண்டும். இன்னொரு முறை அடிக்கலாமா, இப்போதே திரும்பலாமா? மேசையில் என்னைத் தூங்கவிடாத கேள்வி இது ஒன்றுதான். மெலிந்த கப்பல்கூட்டில் சிறுகலங்களைத் திணித்து எதிரியின் தற்காப்பை மூழ்கடித்த சூழ்ச்சிக்காரர்களைச் சாக்காகக் காட்டிச் சிலர் சிறுகலத்தையே ஒழிக்கச் சொன்னார்கள். அது ஆட்டத்தில் கலத்துக்கு வைத்த விலையின் பிழை. விலையைத் திருத்துவதற்குப் பதில் கலத்தைத் தூக்கிலிட்டார்கள்.

1999-ன் பேட்டில்ஃப்ளீட் காதிக் கம்பீரமானது, ஆனால் சோம்பேறி. குண்டு போட்ட கலத்தைப் பலகையிலிருந்து எடுத்துவிடுவார்கள். மறுபடி ஏவப் பகடை உருட்டினால் போதும். திரும்பும் வழியைக் காணவே காணோம். 2012-ன் எக்ஸ்-விங், விமானியை நாயகனாக்கித் தாய்க்கப்பலை மறந்தது. 2015-ன் ஆர்மடாவில் சிறுகலங்களுக்குப் பெரிய கப்பல், முடுக்கிவிடும் விசில்காரர் மட்டுமே.

உண்மைப் போர் வேறு பாடம் சொன்னது. 1942 ஜூன் 4 அன்று மிட்வே கடற்போரில் அமெரிக்க விமானங்கள் பாய்ந்தபோது, ஜப்பானியக் கப்பல்களின் தளத்துக்குள் விமானங்கள் மறுபடி ஆயுதம் ஏற்றிக்கொண்டிருந்தன. அந்தப் போரில் ஜப்பான் இழந்த விமானந்தாங்கிகள் நான்கு. தாய்க்கப்பல் எளிதில் சாகும் நேரம் பிள்ளைகள் வீடு திரும்பிய நேரம்தான்.

எங்கள் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்த காலத்தில் குளியாள் கல்லின் கனத்தில் இறங்குவார். ஒரு மூச்சுக்குள் சிப்பி அள்ள வேண்டும். மேலே வள்ளத்தில் கயிறு பிடித்திருப்பவர் கண்ணை எடுக்க மாட்டார். இறங்குவதைக் கல் பார்த்துக்கொள்ளும். மனுஷன் வேண்டியது ஏற்றத்துக்கு. அடுத்த விண்வெளி ஆட்டத்தை எழுதுபவர் ஏவ ஒரு விதி எழுதினால் போதும். திரும்ப மூன்று எழுதட்டும்.