லினக்ஸ் டிரைவர்களின் உறக்கமும் விழிப்பும்

மடிக்கணினியின் மூடியைச் சாத்தியதும் லினக்ஸ் கெர்னல் முதலில் பயனர் நிரல்களை உறைய வைக்கிறது. பிறகுதான் டிரைவர்களின் முறை. பிரிப்பேர், சஸ்பெண்ட், சஸ்பெண்ட் லேட், சஸ்பெண்ட் நோஐஆர்க்யூ என நான்கு கட்டங்களில் அவை அழைக்கப்படுகின்றன. கடைசிக் கட்டத்துக்குள் டிரைவர்களின் இன்டரப்ட் வேலைகள் ஓய்ந்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் பெரிய பலம் வரிசை. கெர்னலில் சாதனங்கள் ஒரு மரமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பென்டிரைவ் முதலில் உறங்கும். அதைத் தாங்கும் ஹப் அடுத்து. யூஎஸ்பி கண்ட்ரோலர் அதற்கும் பிறகு. எழும்போது கண்ட்ரோலர்தான் முதலில். டிரைவர் எழுதுபவர் தன் சாதனத்தை மட்டும் கவனித்தால் போதும். யாருக்கு முன் யார் என்ற கவலை கெர்னலுடையது.

ஆனால் மரம் முழு உண்மையைச் சொல்வதில்லை. கைபேசிச் சிப்பில் ஐ2சி பஸ்ஸில் தொங்கும் தொடுதிரைக்கு மின்சாரம் வேறொரு கிளையிலுள்ள ரெகுலேட்டரிலிருந்து வரலாம். அந்தச் சார்பு மரத்தில் தெரியாது. 4.10 கெர்னலில் வந்த டிவைஸ் லிங்க் இந்த ஓட்டையை அடைத்தது: கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று டிரைவர் பதிந்துவிட்டால் வரிசையைக் கெர்னல் திருத்திக்கொள்ளும். பதிவு இல்லாவிட்டால் பழைய நிலைதான்.

கணினி ஓடும்போதே சும்மா இருக்கும் சாதனத்தை உறங்கவைக்கும் ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட், 2.6.32 பதிப்பில் (2009) வந்தது. பயன்படுத்துவோர் எத்தனை என்று எண்ணி, எண்ணிக்கை பூஜ்யமானால் சாதனத்தை உறங்கவிடுவது எளிய, நல்ல யோசனை. அதன் இடைமுகம்தான் கண்ணி. எண்ணிக்கையை ஏற்றிச் சாதனத்தை எழுப்பும் ‘கெட் சிங்க்’ அழைப்பு தோற்றுப் பிழை திருப்பினாலும் எண்ணிக்கை ஏறியே இருக்கும். பிழை என்றதும் அப்படியே வெளியேறிய டிரைவர்கள் ஏராளம். அவற்றில் சாதனத்தின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்க வழியில்லை. இதை டிரைவர் எழுதியவர்களின் கவனக்குறைவு என்று தள்ளுவது நியாயமல்ல. தோற்ற அழைப்பு எதையும் மாற்றியிருக்காது என்றுதான் யாரும் நம்புவர். தோற்றால் எண்ணிக்கையைத் தானே இறக்கும் ‘ரெசியூம் அண்ட் கெட்’ 5.10இல்தான் (2020) வந்தது.

மூடியைச் சாத்தும்போது வரும் முழுக்கணினி உறக்கத்திலும் சிக்கல் உண்டு. அதன் பழைய வகையான எஸ்3 உறக்கத்தில் பெரும்பாலான மின்சாரத்தை ஃபர்ம்வேரே துண்டித்தது; டிரைவரின் சோம்பல் அங்கே மறைந்தது. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றிலுள்ள எஸ்2ஐடில் முறையில் அந்தக் காப்பு இல்லை. ஒரே ஒரு சாதனம் தணிய மறுத்தாலும் சிப் முழுவதும் ஆழ்ந்த நிலைக்குப் போகாது. பைக்குள் மடிக்கணினி சுடும், பேட்டரி தீரும். பயனருக்குப் பிழைச் செய்தியும் வராது.

பிழை தேடுவது இன்னும் கடினம். விழிக்கும் நடுவில் கணினி தொங்கினால் திரை இருண்டிருக்கும். மறுதொடக்கம் செய்தால் நினைவகத்தில் இருந்தவை அழிந்துவிடும். அதனால் ‘பிஎம் டிரேஸ்’ வசதி, கடைசியாக எழுப்பத் தொடங்கிய சாதனத்தின் அடையாளத்தைப் பேட்டரியில் ஓடும் கடிகாரச் சிப்பில் எழுதிவைக்கிறது. துப்பு கிடைக்கும், கணினியின் தேதி தாறுமாறாகும், அதைக் கையால் திருத்த வேண்டும்.