ஃபார்ஹா கோட்டைவிட்டது எந்தச் சீட்டில்?

2003 உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. லாஸ் வேகாஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ விடுதியில் 839 பேர் ஆளுக்கு 10,000 டாலர் கட்டி இறங்கினார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர்: தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபார்ஹா, இணையத் தகுதிச்சுற்று வழியாக வந்த டென்னஸி கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் (நிஜப் பெயரேதான்). அந்த இறுதி மோதலில் மணிமேக்கர் வெத்துக் கையோடு மிரட்டி அடித்த பிளஃப்பை இன்றைக்கும் சிலாகிக்கிறார்கள். என் கண் போவது ஃபார்ஹா பக்கம். ஜெயிக்க வேண்டிய கையை அவர் எப்படிக் கவிழ்க்கும் நிலைக்கு வந்தார்?

ஃபார்ஹாவிடம் இஸ்பேட் ராணி, ஒரு ஒன்பது. மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜா, ஒரு ஏழு. இருவருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டில், அதாவது ஃபிளாப்பில், விழுந்தவை இஸ்பேட் ஒன்பது, டைமண்ட் இரண்டு, இஸ்பேட் ஆறு. மேசையின் பெரிய சீட்டில் ஃபார்ஹாவுக்கு ஜோடி சேர்ந்துவிட்டது. எதிராளியிடம் உருப்படியாக எதுவுமில்லை. ஆனால் ஃபார்ஹா பந்தயம் கட்டாமல் செக் சொன்னார், மணிமேக்கரும் செக். அடுத்த சீட்டான டர்ன் காலணா செலவில்லாமல் வந்தது. இஸ்பேட் எட்டு!

இரண்டு இஸ்பேட் கிடக்கும் மேசையில் பலமான கை பந்தயம் கட்டுவது எதிராளியை விரட்ட மட்டுமல்ல, துரத்துகிறவனிடம் வசூலிக்கவும்தான். ஃபிளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) ஒரு சீட்டு குறைகிறவனுக்கு உதவும் சீட்டுகள் ஒன்பது. கண்ணில் படாத 47 சீட்டில் அவற்றிலொன்று அடுத்ததாக விழும் வாய்ப்பு 19 சதவீதம். நடுவில் 100 கிடக்கும்போது நீங்கள் 50 போட்டால், அவன் 50 கட்டி 200-க்கு ஆடுகிறான். நாலுக்கு ஒரு தடவையாவது ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். 19 போதாது. நீங்கள் பயந்து 20 போட்டாலோ 14 சதவீதமே அவனுக்குப் போதும், சிரித்துக்கொண்டே கட்டுவான். சீட்டு விழுந்தபின் உங்களிடம் இன்னும் கறக்கலாம் என்ற கணக்கும் அவனுக்கு உண்டு. அதனால் அரைப் பங்குக்கு மேலேயே போடுவது நல்லது. கடைசிச் சீட்டான ரிவரில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் வசூல் நடக்காது. குறி தவறியவன் அங்கே ஒரு சிப் கூடக் கட்டமாட்டான்.

டர்னில் விழித்துக்கொண்ட ஃபார்ஹா 3 லட்சம் சிப்புகளைத் தள்ளினார். மணிமேக்கர் 8 லட்சமாக ஏற்றினார். இப்போது அவர் வெறுங்கையர் இல்லை. எட்டு இஸ்பேட், ஸ்ட்ரெயிட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) மேலும் ஆறு, மூன்று ராஜா என 44-ல் 17 சீட்டு அவருக்கு உதவும். ஏறக்குறைய 39 சதவீதம். இவ்வளவு பெரிய துரத்தலைச் சாதாரணப் பந்தயத்தால் மிரட்ட முடியாது. ஃபார்ஹா அந்த இடத்தில் மொத்தச் சிப்புகளையும் வைத்து ஆல்-இன் போயிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எதிரே ஃபிளஷ் ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம் என்ற பயம் நியாயமானது. வெறுமனே கட்டினார்.

ரிவரில் மூன்று. ஒன்றுக்கும் உதவாத சீட்டு. ஃபார்ஹா செக் சொல்ல, மணிமேக்கர் ஆல்-இன். துரத்துகிறவனுக்கு ஜெயிக்க இரண்டு வழி என்பதைப் பலரும் மறக்கிறார்கள்: சீட்டு விழலாம், விழாவிட்டால் விழுந்ததுபோல நடிக்கலாம். டர்ன் வரை மலிவாக விட்டால் இரண்டாவது வழியும் அவன் கையில். மூன்று இஸ்பேட் சீட்டுகள் கிடக்கும் மேசையில், ஒற்றை ஜோடியை நம்பித் தொடரையே பணயம் வைக்க யாருக்கும் கை நடுங்கும். ஃபார்ஹா நெடுநேரம் யோசித்துக் கவிழ்த்தார். அதைக் கோழைத்தனம் என்பவர்கள் ஃபிளாப்பில் போட்ட செக்கை எடைபோடுவதில்லை.

கடைசி ஆட்டத்தில் மணிமேக்கரிடம் ஐந்து-நாலு. ஜாக்கி, ஐந்து, நாலு விழுந்து இரண்டு ஜோடி சேர்ந்தது. மேசையில் இந்த முறையும் இரண்டு இஸ்பேட். ஜாக்கி ஜோடியுடன் ஃபார்ஹா பந்தயம் கட்ட, மணிமேக்கர் பதுங்காமல் அங்கேயே ஏற்றினார். ஃபார்ஹா ஆல்-இன் போனார், மணிமேக்கர் கட்டினார். ரிவரில் இன்னொரு ஐந்து வந்து ஃபுல் ஹவுஸ் ஆனது. 25 லட்சம் டாலர் பரிசு. சிப்புகள் மொத்தமும் ஃபிளாப்பிலேயே நடுவுக்கு வந்துவிட்டிருந்தன.