விரல் அளவும் விளையாட்டுத் திறனும்

ஆள்காட்டி விரலின் நீளத்தை மோதிர விரலின் நீளத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். ஒருவர் தாயின் கருவில் பெற்ற ஆண்மைச் சுரப்புநீரின் அளவை அவ்வெண் காட்டும் என்பதே, ஆங்கில அறிஞர் ஜான் மானிங் 2002இல் வெளியிட்ட 'டிஜிட் ரேஷியோ' என்னும் நூலின் மையக் கருத்து. எண் குறைந்தால் சுரப்புநீர் மிகுதி. விளையாட்டுத் திறனும் அதனையொட்டி மிகும் என்பர்.

இதனைக் கைரேகைக்கலை என்று ஒதுக்குதல் நேர்மையன்று. இங்கிலாந்தின் தொழில்முறைக் காற்பந்தாட்டக்காரர்களிடம் அவ்வெண் சராசரியில் குறைந்திருப்பதை இவ்வாசிரியரே 2001இல் காட்டினார். சுண்டெலிக் கருவில் சுரப்புநீரை மாற்றினால் விரல் அளவும் மாறுவதை 2011இல் வேறு அறிஞர் மெய்ப்பித்தனர். வித்து உண்மையானதே; விளைச்சலைத்தான் மிகைப்படுத்திவிட்டனர்.

கணக்கிட்டுப் பார்ப்போம். மானிங் 1998இல் அளந்தவர்களுள் ஆண்களின் சராசரி 0.98, பெண்களுடையது 1.00. மோதிர விரல் 70 மில்லிமீட்டர் என்றால், இவ்வேறுபாடு 1.4 மில்லிமீட்டரே! விரல் நுனியைச் சற்று அழுத்தி அளந்தாலே இது பிழைபடும். மேலும், ஆண் பெண் வேறுபாட்டைவிட, இனத்துக்கு இனம் காணும் வேறுபாடு பெரிது. அவ்வாறாயின், அளவுகோல் எதை அளக்கிறது என்ற ஐயம் எழாதா?

பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளிவந்த கட்டுரை, விரலெண்ணுக்கும் விளையாட்டுத் திறனுக்கும் உள்ள தொடர்பை ஏறத்தாழ 0.26 என மதிப்பிட்டது. அதனை வர்க்கப்படுத்தினால், திறன் வேறுபாட்டில் நூற்றுக்கு ஏழு பங்கே விரலோடு தொடர்புடையது எனத் தெரியும். எஞ்சிய தொண்ணூற்று மூன்று பங்கு எங்கே? உணவிலும், பயிற்சியிலும், உடலமைப்பின் பிற கூறுகளிலும், ஊக்கத்திலும் அன்றோ தேட வேண்டும்!

கூட்டத்தின் சராசரியைத் தனியொரு குழந்தையின் தலையில் எழுதுவதே இங்குள்ள பெருந்தவறு. விரலைப் பார்த்து ஒரு மாணவனையோ மாணவியையோ ஓட்டப் பந்தயத்திலிருந்து விலக்கும் ஆசிரியர், அறிவியலின் பெயரால் அநீதி செய்தவராவார். குழந்தை ஓடத் திடல் இருக்கிறது; நேரத்தைக் காட்டக் கடிகாரம் இருக்கிறது. நேரே அளக்கக்கூடியதை விரல் வழியே ஊகிப்பானேன்?

ஆராய்ச்சிக்குரிய வினாவை எழுப்பிய அளவில் இந்நூல் போற்றத்தக்கது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலாக இதனைக் கொள்ளுதல் தகாது.